இப்போதைக்குப் பிடித்த ஒன்பது பாட்டு

ஐப்பசி பதினேழாம் தேதி காலை ஏழரை மணிக்கு, ஒத்தப்பாறை எஸ்டேட் மூணாம் நம்பர் லைன் வீடுகளுக்கு அடியில் இருந்த மண் மொத்தமும், மண்ணோடு சேர்ந்து நாலு வரிசைத் தேயிலைச் செடியும், இரண்டு கக்கூஸும், முத்துவீரன் அண்ணன் வீட்டு ஆட்டுக் கொட்டகையும் சரிந்து கீழே ஓடைக்குப் போய்ச் சேர்ந்தன. மேலே இருந்த ஒன்பது வீடுகள் மட்டும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தன. நான் ஐந்தாவது வீட்டு வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் தரைக்குப் போக இவ்வளவு நேரமாகிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் வாசற்படிக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. உள்ளே என் வீட்டுக்காரி லோகேஸ்வரி அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு, "என்னாங்க, வெளிய என்னா சத்தம்?" என்றாள். "மண்ணு போயிருச்சு" என்றேன். "வீடு?" என்றாள். "வீடு இருக்கு" என்றேன். அப்படியானால் சரி என்று அவள் பாலை இறக்கி வைத்தாள்.

முதல் நாள் கும்பிட்டோம், இரண்டாம் நாள் பயந்தோம், மூன்றாம் நாள் ஏணி செய்தோம். முதல் வீட்டுக்கு ஓர் ஆள் உயர ஏணி போதும். மலை சரிவாகப் போவதால் என் வீட்டுக்கு இரண்டு ஆள் உயரம், கடைசி வீடான ஒன்பதாவதுக்கு மூங்கிலோடு மூங்கில் சேர்த்துக் கட்டி நாலு ஆள் உயரம் வேண்டியிருந்தது. கோழிகளின் காலில் கயிறு கட்டினோம், தவழும் பிள்ளைகளின் இடுப்பிலும் கட்டினோம், குழாய்த் தண்ணீருக்கு ரப்பர் டியூப் போட்டோம், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கீழே விடுமுன் "ஊத்துறேன்!" என்று ஒரு குரல் கொடுப்பது வழக்கமாயிற்று, கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் ஒன்பது ஏணியும் ஏறி இறங்கி, அந்தரத்தில் இருந்தாலும் யூனிட் யூனிட்தான் என்று எழுதிக்கொண்டு போனார். ஊட்டிக்கு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து போட்டோ எடுத்தார்கள், ஒரு மாதத்தில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

இறங்கி வேறெங்காவது போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. வந்தார், அண்ணாந்து பார்த்தார், விழுந்த வீட்டுக்குத்தான் மைதானத்துக்குப் பக்கத்தில் மாற்று வீடு, அதுவும் குடியிருக்கும்போது விழுந்திருக்க வேண்டும் என்றார். "தொங்குதுங்களே சார்" என்றோம். "தொங்குறதுக்குப் பாரத்துல எடம் இல்லீங்களே" என்றார். அந்த நிவாரண விண்ணப்பப் பாரத்தை வாங்கி நாங்களும் பார்த்தோம், அவர் சொன்னது நிஜம். எஸ்டேட் சட்டம் இன்னும் சுருக்கமானது: காலி செய்தால் சாவியைக் கொடு, சாவியைக் கொடுத்தால் வீடு உனக்கில்லை. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்ற கதைதான். ஆகவே நாங்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தோம்.

இனி நிரோஷாவைச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது வீட்டுச் சின்னக்காளையின் மகள். குன்னூரில் ஒரு செல்போன் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள், அப்பன் மரக்கிளையிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்த படுக்கையானதும் திரும்பி வந்து கொழுந்து எடுக்கிறாள். எடுக்கும்போது இரண்டு காதிலும் வயர் இருக்கும். வயருக்குள் பாட்டு இருக்கும். பாட்டு என்றால் நாம் கேட்கிற பாட்டு இல்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக ஸ்பீக்கர் செட்டு வாடகைக்கு விடுகிறவன், செட்டு பழனியாண்டி என்றால் நாலு எஸ்டேட்டுக்குத் தெரியும், காதுகுத்திலிருந்து கருமாதி வரை எதற்கு எந்தப் பாட்டு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். இவள் பாட்டு எதற்கும் ஆகாது. ஷில்லாங் மலையில் நாலு பசங்கள் ஒரு மோட்டார் ஷெட்டுக்குள் நின்று பாடியது ஒன்று, போர்ச்சுகல்காரி ஒருத்தி யாரையோ திட்டுவது ஒன்று, ஐஸ்லாந்து என்ற ஊரில் மூன்று பேர் இரண்டு கிதாரைச் சண்டைக்கு விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது ஒன்று, ஜப்பானில் எவனோ ஏழு நிமிஷம் வாயே திறக்காமல் கிதாரைப் போட்டு அலற வைப்பது ஒன்று, இப்படி. எந்த சினிமாவிலும் வராத பாட்டு, எந்தக் கம்பெனியும் போடாத பாட்டு, அந்தப் பசங்களே பாடி அந்தப் பசங்களே ஏற்றிவிட்டதாம், அதைப் பெருமையாக வேறு சொல்வாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து, லைனில் ஒவ்வொரு வீட்டு மீட்டர் பெட்டி மேலும் ஒரு பாட்டின் பெயரை எழுதுவாள். சலித்ததை அழிப்பாள், புதிதாய்ப் பிடித்ததை எழுதுவாள். தன் வீட்டுக் கதவில் மட்டும் அழிக்காத ஒரு தலைப்பு: இப்போதைக்குப் பிடித்தவை. "எங்க வீட்டு டப்பாவுல எதுக்கும்மா எழுதுற?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒம்பது வாசல் இருக்கு, ஒம்பது பாட்டு இருக்குண்ணே. வேல முடிஞ்சு வரும்போது வாசலுக்கு ஒண்ணா நெனச்சுக்கிட்டே வந்தா, களைப்புத் தெரியாது" என்றாள். என் வீட்டுக்கு அந்த ஐஸ்லாந்துச் சண்டை வாய்த்திருந்தது. நானும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மண் போன பிறகு மூன்று ஞாயிறு அவள் சாக்பீஸைத் தொடவில்லை. நாலாவது ஞாயிறு ஏணியில் ஏறி மூன்றாவது வீட்டுப் பெட்டியில் இருந்ததை அழித்துவிட்டு வேறொன்றை எழுதத் தொடங்கினாள், மூன்றாவது வீடு ஒரு சாண் இறங்கியது. உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்த முத்துவீரன் அண்ணன் தட்டோடு சுவரில் போய் மோதினார். அவர்தான் மாரியம்மன் கோயில் தலைவர், லைனுக்கும் தலைவர். நிரோஷா பயந்துபோய்ப் பழைய பெயரையே திரும்ப எழுதினாள்; வீடு ஏறவில்லை, ஆனால் நின்றது. அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, ஒன்பது பெட்டியிலும் அவள் எழுத்தின் மேலேயே எனாமல் பெயிண்ட் அடித்து அழியாமல் செய்யச் சொன்னார் முத்துவீரன் அண்ணன். செய்தேன். அடுத்த வாரம் பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே ஏழாவது வீடு ஒரு சாண் இறங்கியது.

எல்லோரும் கொழுந்துக் காட்டுக்கு ஓடினோம். அவள் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள், முகம் செத்திருந்தது. "எழுத்துல இல்லண்ணே" என்றாள். "ஏழாவது இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் சலிச்சிருச்சு."

"சலிச்சா மறுபடி பிடிக்க வையி" என்றார் முத்துவீரன் அண்ணன்.

"அது எப்பிடிண்ணே நானா வைக்கிறது?"

"எப்பிடியோ வையி தாயி. ஏழாவதுல நாலு உசுரு இருக்கு."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மழையோடு மழையாகத் தனியாக மேல்காட்டுக்குப் போய் ஒரு பாறை மேல் உட்கார்ந்து அந்தப் பாட்டை முதன்முதலில் எங்கே கேட்டோம், அன்றைக்கு என்ன சட்டை, கடையில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் நினைத்து நினைத்துக் கேட்டாளாம். சாயங்காலம் வந்து, "இருக்கு, நிக்கும்" என்றாள். நின்றது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் லைனில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. ஒன்பது குடும்பத்தின் உயிர் ஒரு பெண்ணின் காதுக்குள் இருக்கிறது, அந்தக் காதோ ஞாயிறுக்கு ஞாயிறு புதுசு தேடும் காது.

காவல் போட்டோம். வேறு வார்த்தை சொல்லி மழுப்ப எனக்கு இஷ்டமில்லை, காவல்தான் போட்டோம். புதுப் பாட்டு ஒன்றும் அவள் காதில் விழுந்துவிடக்கூடாது என்று பஸ் டிரைவரிடம் சொல்லி எங்கள் ஸ்டாப்பில் ரேடியோவை அணைக்க வைத்தோம், அவள் போனில் நெட் போடக்கூடாது என்று கடையில் சொல்லி வைத்தோம், கொழுந்து எடுக்கும்போது வலப்பக்கம் ஒருத்தி இடப்பக்கம் ஒருத்தி நின்றார்கள், கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை கிதார் வாசிப்பான் என்று கேள்விப்பட்டு அந்தச் சம்பந்தத்தை முத்துவீரன் அண்ணனே கலைத்துவிட்டார். காலையில் அவள் ஏணி இறங்கும்போது ஒன்பது வாசலிலும் ஆட்கள் நின்று, சாப்பிட்டியா என்று கேட்பதுபோல், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். "பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒன்பதையும் தாண்டிப் போவாள். "எவ்வளவு நாளைக்குண்ணே?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும். வீடு இருக்கிற வரைக்கும் என்றேன்.

தை மாதம் அப்பனுக்கு மருந்து வாங்கக் குன்னூர் போனவள், பஸ் ஸ்டாண்டில் எவனோ ஒருவன் போனில் புதுப் பாட்டு ஒன்றின் இரண்டே வரியைக் கேட்டுவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். அந்த நேரத்தில், பன்னிரண்டு மைல் தள்ளி, ஒன்பது வீட்டிலும் பாத்திரங்கள் ஒருமுறை கிணுகிணுத்தன. லோகேஸ்வரிக்கு அப்போது ஆறு மாசம். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏணி ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அவள் இறங்கியே ஒரு மாதமாகியிருந்தது. "இந்தா பாருங்க, அந்தப் புள்ள மனசு மாறிருச்சுன்னா நானும் இதுவும் என்னா ஆவோம்?" என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டாள். அந்தப் பயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மாசி மாரியம்மன் திருவிழா எட்டு நாள். செட்டு எப்போதும் என்னுடையது. கொடியேற்றத்துக்கு முந்தின கூட்டத்தில் எழுந்து நின்று நானாகச் சொன்னேன்: "இந்த வருஷம் சாமி பாட்டோட நிரோஷா பாட்டு ஒம்பதையும் போடுவோம். காலைல அஞ்சு மணியிலேர்ந்து ராத்திரி வரைக்கும் திருப்பித் திருப்பிப் போடுவோம். சாமி பாட்ட வருஷா வருஷம் அதையேதான் போடுறோம், யாருக்காச்சும் சலிச்சிருக்கா? கேக்கக் கேக்கத்தான் பக்தி ஏறுது. இதுவும் ஏறட்டும்." எல்லோரும் கை தட்டினார்கள். கூழ் ஊற்ற, பூமாலை கட்ட என்று பிரித்துக்கொள்வதுபோல் பாட்டுக்கு ஒரு குடும்பம் உபயம் என்று எழுதிக்கொண்டோம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறோம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தோம்.

ஆறு சில்வர் ஓக் மரத்தில் ஆறு குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். பெட்டிகளில் இருந்த பெயர்களைக் குன்னூர்க் கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஒன்பது பாட்டும் ஏற்றி முதல் நாள் விடியலில் போட்டுவிட்டேன், மலையே அதிர்ந்தது. ஷில்லாங் பசங்கள் சத்தத்தில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒன்பதாவது பாட்டு, அந்த ஜப்பான் அலறல், வந்ததும் பூசாரி உட்பட எல்லோரும் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டு ஏழு நிமிஷம் கழித்து வந்தார்கள். ஐந்தாவது பாட்டில், அதுதான் என் வீட்டு ஐஸ்லாந்துச் சண்டை, நாலாவது நிமிஷம் திடீரென்று எல்லாம் நின்றுபோனது. பென் டிரைவ் மாட்டிக்கொண்டதோ என்று நான் கையை நீட்டிவிட்டேன், ஒரு மூச்சு விடும் நேரம், அதற்குள் டிரம் திரும்ப வந்து விழுந்தது. செட்டுக்காரனை ஏமாற்றிவிட்டானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் அந்த இடத்துக்குக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த இடம் வருமுன் பேசிக்கொண்டிருந்தவனைக் கையமர்த்தினேன். இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை நிரோஷா என் செட்டுக் கொட்டகைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, காதில் பஞ்சு அடைத்திருந்தாள்.

"அண்ணே, ஒங்க கால்ல வேணா விழுறேன். நிப்பாட்டுங்க."

"ஏம்மா, ஒன் பாட்டுதானம்மா."

"எம் பாட்டுதாண்ணே, அதான் சொல்லுறேன். அஞ்சு நாளா அரைச்சு அரைச்சு, ஒண்ணுலயும் சாரம் இல்ல. நேத்து ரெண்டு செத்துச்சு. இன்னிக்கு மூணு. கால் மரத்துப்போற மாரி மனசு மரத்துப் போகுதுண்ணே. இன்னும் ஒரு நாள் போட்டீங்கன்னா எனக்கு ஒண்ணுமே மிஞ்சாது."

"நேத்து ரெண்டு செத்துச்சுங்குற, வீடு ஒண்ணும் எறங்கலையே?" என்றேன். ஏன் இறங்கவில்லை என்று யோசிக்காமல் இருப்பதே எனக்கு வசதியாக இருந்தது. சின்னப் பெண், கூச்சப்படுகிறாள், பாட்டு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று வால்யூமை இன்னும் ஒரு சுற்று கூட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்கு மேல் ஒன்றில்லை.

அவள் நேராக வீட்டுக்குப் போனாள். அடுப்பில் உலை வைத்தது வைத்தபடி இருக்க, அப்பனைச் சேலையால் முதுகில் சேர்த்துக் கட்டி, நாலு ஆள் உயர ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவரைக் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்துவிட்டு லைனுக்கு அடியில் வந்து நின்று கத்தினாள்: "எல்லாரும் எறங்குங்க! என்னால முடியல, எறங்குங்க!" ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் வீடு போய்விடும் என்ற பயம் விழுந்தால் உயிர் போய்விடும் என்ற பயத்தைவிடப் பழையது. முத்துவீரன் அண்ணன் வாசலில் நின்று, "இன்னும் மூணு நாள் பொறுத்துக்க தாயி, ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

பகல் மூன்று மணிக்கு, கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கரண்டு போனது. ஆறு குழாயும் ஒரே நேரத்தில் அடங்கின. ஐந்து நாளுக்குப் பிறகு வந்த அமைதி. ஓடைச் சத்தம் கேட்டது. அந்த அமைதியில் நிரோஷா மைதானத்தின் நடுவில் நின்று காதிலிருந்து பஞ்சை எடுத்தாள், கொஞ்ச நேரம் உள்ளுக்குள் எதையோ தேடினாள், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஒண்ணு கூடப் பிடிக்கல."

ஒன்பதாவது வீடு விழுந்தது. முதலில் ஓடுகள், பிறகு சுவர், பிறகு 'இப்போதைக்குப் பிடித்தவை' என்று எழுதிய கதவு, எல்லாம் சேர்ந்து நாலு ஆள் உயரத்திலிருந்து விழுந்து ஓடைவரை உருண்டன. எட்டாவது வீடு ஆடியது. ஏழாவது ஆடியது. நான் ஐந்தாவதைப் பார்த்தேன். வாசலில் லோகேஸ்வரி நிலையைப் பிடித்தபடி நின்றாள், அந்தப் பாட்டு அவளுக்கு ஆகவே ஆகாது, கத்தல் கத்தல் என்று ஐந்து நாளாகக் காதைப் பொத்திக்கொண்டிருந்தவள். கையிலிருந்த அகப்பையோடு ஓடினேன், ஓட ஓட, அந்தப் பயத்துக்கு நடுவில், சத்தியமாகச் சொல்கிறேன், என் தலைக்குள் அந்த இரண்டு கிதாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நாலாவது நிமிஷம் வந்தது, எல்லாம் நின்றது, ஒரு மூச்சு. டிரம் விழுந்தது. வீடு விழவில்லை.

எட்டு வீடும் விழவில்லை. இரண்டாவது வீட்டு அன்னபாக்கியம் பாத்திரம் கழுவும்போது போர்ச்சுகல்காரியின் திட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்பதும், வாழ்நாளில் தாளம் போடாத முத்துவீரன் அண்ணன் திண்டில் சாய்ந்து தன் வீட்டுப் பாட்டுக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உபயக்காரர்கள் தங்கள் தங்கள் உபயத்தில் விழுந்திருந்தார்கள். அவளுக்குச் செத்த பாட்டெல்லாம் வீட்டுக்கு ஒருவரிடம் உயிரோடு இருந்தது. கேட்காமல் நாங்கள் டீக்கடைக்கு எழுந்து போன அந்த ஒன்பதாவது பாட்டுக்குத்தான் எங்களில் ஒருவரும் இல்லை.

ஆர்.ஐ. வந்தார். இடிபாட்டில் உலைப்பானை கிடந்தது, பானையில் அரிசி பாதி வெந்திருந்தது. குடியிருப்பு உண்டு, வீடு விழுந்தது உண்மை, பாரத்தில் இடம் இருந்தது. வைகாசியில் நிரோஷாவுக்கும் அப்பனுக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வீடு கிடைத்தது. மற்ற எட்டும் தொங்குகின்றன. இப்போது காவல் அவளுக்கு இல்லை, எங்களுக்கு. வீட்டுக்கு ஓர் ஆள் தன் பாட்டைச் சலிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதிகம் கேட்டால் அரைபட்டுப்போகும், கேட்காமல் விட்டால் மறந்துபோகும். நான் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, பல் விளக்கிய பிறகு கேட்கிறேன். நாலாவது நிமிஷம் நெருங்கினால் லோகேஸ்வரியைக் கையமர்த்துவேன். அந்த ஒரு மூச்சில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் தேடுகிறேன். இதுவரைக்கும் இருக்கிறது. என் மகன் அந்தரத்தில்தான் பிறந்தான், இடுப்பில் கயிற்றோடுதான் தவழ்கிறான்.

போன ஞாயிறு நிரோஷா சாக்பீஸ் கறை படிந்த விரலோடு என் ஏணிக்கு அடியில் நின்றிருந்த என்னிடம் வந்தாள். புது வீட்டுக் கதவில் புதிதாக ஒன்பது எழுதிவிட்டு வந்திருக்கிறாள். ஆள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், சிரிப்பு வந்திருந்தது. முன்பு நாங்கள் அவளுக்குக் காவல் போட்டதையெல்லாம் அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணே, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ரெண்டு வரி கேட்டுட்டு ஓடியாந்தேனே, அந்தப் பாட்ட கண்டுபுடிச்சிட்டேன். நாகலாந்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. மூணு நிமிஷந்தாண்ணே. ஒங்களுக்குன்னே செஞ்ச மாரி இருக்கு, நடுவுல ஒரு எடம் வரும் பாருங்க" என்று சொல்லி ஒரு காது வயரைக் கழற்றி நீட்டினாள்.

"வேணாம்மா" என்றேன்.

மேலே எங்கள் வீடு ஒரு சாண் இறங்கியது. பாத்திரங்கள் உருளும் சத்தமும் பிள்ளை வீறிடும் சத்தமும் கேட்டன. லோகேஸ்வரி வாசலுக்கு ஓடி வந்து, "என்னாங்க! என்னா செஞ்சீங்க?" என்று அலறினாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. பாட்டை இன்னும் கேட்கக்கூட இல்லை, அந்த வயரை வாங்கக் கையை மட்டும்தான் நீட்டியிருந்தேன்.